கூட்டுத் தூலத்தின் வரலாறு

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினக் கடலில் பெரும் புயல் ஒன்று வீசிற்று. அப்புயலில் சிக்கிய 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் நடுப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டுவதற்கும், அதற்கிடையே சிறிது வாணிபம் செய்வதற்குமாக அது திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவன் மகனையும் மற்றும் சிலரையும் 1660இல் சிறைப்பிடித்தனர். அம்மகனே ரொபட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூலை இலங்கை வரலாறு கற்போர் அனைவரும் அறிவர்.

அந்நூலில் மன்னனைத் தேடியோர் உளர். மக்களின் பழக்கவழக்கங்களைத் தேடியோரும் உளர். கப்பல் ஏன் வந்தது என்ற சிறு கேள்வியை மட்டும் நாம் கடந்து போய்விடுகிறோம். அது ஒரு மரத்துக்காக வந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு கோட்டைகளின் வரலாறாகவும் கடற்படைத் தளபதிகளின் வரலாறாகவுமே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசை நீளுகிறது. ஆனால் அவ்வரிசையின் அடியில் மரம் கிடக்கிறது. 1782ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இத்துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். செப்டெம்பர் 3ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலத் தளபதி ஹியூசுடன் நடந்த போரில் அவனுடைய தலைமைக் கப்பல் 'ஈரோ' பாய்மரத்தைப் பறிகொடுத்தது. சில நாட்களில் அவனுடைய மற்றொரு கப்பலாகிய 'ஓரியான்' திருகோணமலைக்கு அருகே தரைதட்டி அழிந்தது. அந்த இழப்பில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், அழிந்த கப்பலின் பாய்மரங்களைக் கழற்றி மற்றக் கப்பல்களுக்குப் பயன்படுத்த முடிந்தது என்பதே. ஒரு பேரரசின் வலிமை சில நெடு மரங்களின் வலிமையாய்ச் சுருங்கி நின்ற காலம் அது.

இயற்கை மரத்துக்கு ஓர் எல்லை விதித்திருக்கிறது. இவ்வளவு உயரம், இவ்வளவு பருமன், அதற்குமேல் இல்லை. மனிதன் கட்ட விரும்பியவையோ அவ்வெல்லையைத் தாண்டின. ஆகவே அவன் மரத்தோடு மரத்தைச் சேர்த்தான். பெருங் கப்பல்களின் பாய்மரங்கள் பல துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரும்பு வளையங்களால் இறுக்கிச் செய்யப்பட்டன. கப்பலின் அடிமரமாகிய ஏரா, சாய்வாக வெட்டிய முனைகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து நீட்டப்பட்டது. தளத்தைத் தாங்கும் உத்திரங்களும் இரண்டு மூன்று துண்டுகளாலேயே ஆனவை. இவ்வாறு சேர்த்த மரங்கள் ஒரே மரம்போல் உழைக்குமா? இந்தக் கேள்வியில் தச்சரின் கைத்திறனும் கணிதரின் அறிவும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

அடுக்குவது வேறு, பிணைப்பது வேறு

ஆறு அங்குல ஆழமுள்ள இரு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைகளையும் தாங்கிகளின்மேல் வைப்போம். பார்வைக்கு அது பன்னிரண்டு அங்குல ஆழமுள்ள தூலமே. ஆனால் நடுவில் சுமை ஏறியதும் உண்மை வெளிப்படும். மேல்மரத்தின் அடிப்பக்கம் இழுபட்டு நீளுகிறது. கீழ்மரத்தின் மேற்பக்கம் நெரிபட்டுக் குறுகுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளும் எதிரெதிராக நகர்கின்றன. தூலத்தின் முனையைக் கூர்ந்து பார்த்தால், இரு மரங்களின் விளிம்புகளும் ஒரே கோட்டில் இல்லாமல் படிபோல் விலகியிருப்பதைக் காணலாம்.

இந்தச் சிறு வழுக்கலால் நேரும் இழப்பு பெரிது. முழு மரத்தோடு ஒப்பிட்டால், பிணைப்பின்றி அடுக்கிய இரு மரங்களின் தாங்கும் வலிமை பாதி மட்டுமே. வளையாது நிற்கும் உறுதியோ நாலில் ஒரு பங்கு. மூன்றாக அடுக்கினால் வலிமை மூன்றில் ஒரு பங்கு. உறுதி ஒன்பதில் ஒரு பங்கு. மரத்தின் அளவு குறையவில்லை, செலவும் குறையவில்லை. குறைந்தது உறவு ஒன்றே.

அவ்வழுக்கலைத் தடுத்தால் இழந்தது மீளும். அதற்குத் தச்சர்கள் கண்ட வழி ஆப்பு. இரு மரங்களும் சந்திக்கும் பரப்பில், பாதி மேல்மரத்திலும் பாதி கீழ்மரத்திலுமாகப் பள்ளம் வெட்டி, வயிரம் பாய்ந்த மரத்தாற் செய்த ஆப்பை இறுக அடிப்பர். மேல்மரம் நகர முயன்றால் ஆப்பு கீழ்மரத்தைப் பற்றிக்கொள்ளும். இரு மரத் தூலத்தில் அப்பள்ளம் வெட்டப்படும் இடமும் ஏற்ற இடமே. ஏனெனில், ஒன்றுபட்ட தூலத்தின் நடு ஆழத்தில் வளைவால் உண்டாகும் இழுப்பும் நெரிப்பும் மிகக் குறைவு. அங்கே சிறிது மரத்தை வெட்டியெடுப்பதால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் வழுக்கும் விசை அங்கேதான் உச்சமாயிருக்கிறது. பொறியியலார் இதனைக் கிடைத்தள வெட்டுவிசை என்பர்.

ஆப்புகளை எங்கே நெருக்கமாக வைக்க வேண்டும்? சுமை நடுவில் வளைப்பதால் நடுவிலேதான் என்று நம்மிற் பலர் சொல்லக்கூடும். உண்மை நேர்மாறானது. சுமை நீளம் முழுதும் சீராகப் பரவியிருக்கும்போது, வழுக்கும் விசை தாங்கிகளின் அருகே மிகுந்தும், நடுவை நோக்கிக் குறைந்துகொண்டே சென்று நடுவில் இல்லாமலும் போகிறது. எடுத்துக்காட்டாக, மேற்கூறிய பன்னிரண்டு அங்குலத் தூலத்தின் முனையில் தாங்கும் விசை 2000 இறாத்தல் என்று கொள்வோம். அதனை ஒன்றரையாற் பெருக்கி ஆழத்தால் வகுத்தால், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 250 இறாத்தல் வழுக்குவிசை என்று வரும். ஓர் ஆப்பு 2500 இறாத்தலைத் தாங்குமாயின், முனையருகே பத்து அங்குலத்துக்கு ஓர் ஆப்பு வேண்டும். முனைக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பாதித் தூரத்தில் விசை பாதியாகிறது. அங்கே இருபது அங்குலத்துக்கு ஒன்று போதும்.

இன்னும் இரு செய்திகள் உண்டு. விசை ஏறும்போது ஆப்பு உருள முயன்று இரு மரங்களையும் பிரித்துத் தள்ளுகிறது. ஆகவே அவற்றை நெருக்கிப் பிடிக்கத் திருகாணிகள் வேண்டும். ஆனால் திருகாணிகளால் மட்டும் நெருக்கிப் பிடித்த தூலம் ஒன்றுபட்ட தூலம் ஆகாது. பச்சை மரம் உலர்ந்து சுருங்கினால் இறுக்கம் தளரும், மீண்டும் வழுக்கும். அவ்வாறே ஆப்புகளை மிக நெருக்கி வைத்தாலும் தீங்குண்டு: இரண்டு ஆப்புகளுக்கு இடையே எஞ்சும் மரம் தன் நார்வழியே பிளந்து பெயர்ந்துவிடும். நன்கு உலர்ந்த மரம், இறுகப் பொருந்திய ஆப்பு, அளவான இடைவெளி, அவ்வப்போது திருகாணிகளை முறுக்கிப் பார்க்கும் கவனம் ஆகிய நான்கும் கூடினால் கூட்டுத் தூலம் முழு மரத்தை நெருங்கும். ஆப்பு சிறிதேனும் நெகிழ்வதால், வளையாத உறுதியில் அது முழு மரத்துக்குச் சற்றுப் பின்தங்கியே நிற்கும்.

கைகள் அறிந்தது, கணக்கு அறிந்தது

இவற்றையெல்லாம் தச்சர்களின் கைகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. கணக்கு பின்னரே வந்தது. பிரெஞ்சு அறிஞர் நவியே 1826இல் வெளியிட்ட நூல் தூலங்களின் வளைவுக் கணக்கை ஒழுங்குபடுத்திற்று. ஆனால் நீளவாக்கில் நேரும் இந்த வழுக்கலுக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை. அதனைக் கண்டவர் ருஷ்யப் பொறியியலாளர் சுராவ்ஸ்கி. 1821இல் பிறந்து, 1842இல் பீட்டர்ஸ்பர்க்கில் பொறியியற் கல்வி முடித்த அவர், பீட்டர்ஸ்பர்க் – மாஸ்கோ இருப்புப்பாதையின் மரப் பாலங்களில் பணியாற்றினார். மரம் தன் நாரின் நீளவாக்கில் வரும் இழுப்பைத் தாங்க வலியது. நார்வழியே எளிதிற் பிளப்பது. பெருந்தூலங்கள் நீளவாக்கில் வெடிப்பதைக் கண்டு, அவ்வெடிப்பின் காரணத்தை ஆராய்ந்து, வழுக்குவிசையின் அளவைச் சூத்திரமாக்கினார். கூட்டுத் தூலத்தின் ஆப்புகளுக்குரிய அளவையும் இடைவெளியையும் அச்சூத்திரத்தைக் கொண்டு கணித்தார். உலகெங்கும் பொறியியல் மாணவர் இன்று இரும்புத் தூலத்துக்கும் காங்கிரீட்டுக்கும் பயன்படுத்தும் அந்தக் கணக்கு, மரப் பாலங்களிலிருந்து பிறந்தது.

அப்பாலங்களுக்கு மண் சுமந்தவர் யார், மரம் இழுத்தவர் யார்? பண்ணையடிமை முறை 1861இல்தான் ருஷ்யாவில் ஒழிந்தது. அந்த இருப்புப்பாதையோ 1851இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அதைக் கட்டி மடிந்த ஏழை மக்களின் நினைவாகவே கவிஞர் நெக்ராசவ் 1864இல் 'இருப்புப்பாதை' என்னும் கவிதையை எழுதினார். சூத்திரத்தின் பெயரில் ஒருவர் வாழ்கிறார். பாலத்தின் அடியில் பெயரில்லாதவர் பலர் கிடக்கின்றனர்.

கப்பல் முழுவதுமே ஒரு கூட்டுத் தூலந்தான். நடுப்பகுதி பருத்தும் முனைகள் ஒடுங்கியும் இருப்பதால், நீர் நடுவை மிகுதியாகத் தாங்குகிறது. முனைகளோ தம் பாரத்தால் தொங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கப்பலின் முதுகு புடைத்தெழுகிறது. பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. பொருத்துகளில் நீர் கசிகிறது. அடுக்கிய இரு மரங்களுக்கு நேர்ந்த அதே நோய்தான் இது. இங்கிலாந்தின் கப்பற்றச்சர் ரொபட் செப்பிங்ஸ் இதற்கு மருந்து கண்டார். பட்டறையிற் பயிலுநராய்த் தொடங்கி உயர்ந்த அவர், செங்கோணமாகக் குறுக்கும் நெடுக்கும் அமைந்த கட்டுக்குள் மூலைவிட்ட மரங்களைச் சாய்வாகப் பொருத்தினார். 'ட்ரமெண்டஸ்' என்னும் போர்க்கப்பல் 1810ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறைப்படி புதுப்பிக்கப்பட்டது. அறிஞர் தாமஸ் யங் 1814இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இதனை ஆராய்ந்து எழுதினார். நாற்கோணம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது என்ற எளிய உண்மை அரசாங்கத்தின் காதில் ஏற அத்தனை காலம் பிடித்தது.

நம் துறையின் பெயர் தாங்கிய கப்பல்

இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்ட காலத்தில், ஆங்கிலக் கடற்படை பம்பாயை நாடிற்று. அங்கே சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் குடும்பமாகிய வாடியாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டினர். 1816இல் ஏராவில் வெள்ளி ஆணி அறைந்து தொடங்கப்பட்ட ஒரு போர்க்கப்பல், தலைமைத் தச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில் 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறங்கிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் 'ட்ரிங்கோமலி'. நம் திருகோணமலையின் பெயர்தான்.

அதன் உடல் மலபார்த் தேக்கு. ஓக்கில் உள்ள துவர்ப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். ஆகவே தேக்குக் கப்பல் நெடுநாள் உழைத்தது. அக்கப்பல் வட அமெரிக்கக் கரையிலும் பசிபிக் கடலிலும் பணியாற்றி, பயிற்சிக் கப்பலாகி, வேறு பெயர் பூண்டு, பழம்பெயரை மீண்டும் பெற்று, 2001இல் புதுப்பிப்பு நிறைவெய்தி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. பம்பாயில் கட்டிய மற்றொரு கப்பல் 'கார்ன்வாலிஸ்' 1813இல் இறங்கியது. அபினிப் போரின் முடிவில் சீனத்தின்மேல் சுமத்தப்பட்ட நான்கிங் உடன்படிக்கை 1842இல் அக்கப்பலின் தளத்திலேதான் ஒப்பமிடப்பட்டது. நம்மவர் கையாற் செய்த பொருத்துகள் எவருக்கு எதிராக உழைத்தன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேக்கு எவ்வாறு கிடைத்தது? 1806இல் கம்பெனி ஆட்சி கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டின் காவலராக நியமித்தது. தேக்கின்மேல் அரசுரிமை நாட்டப்பட்டது. தன் நிலத்து மரத்தை வெட்டும் உரிமை மலபார்க் குடிகளுக்கு இல்லாமற் போயிற்று. காட்டுடையோரும் மர வணிகரும் குடியானவரும் மனம் குமுறினர். சென்னை ஆளுநர் மன்றோ 1823இல் அப்பதவியையே நீக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குள் காடு மொட்டையாகிவிட்டது. 1840களில் நிலம்பூரில் தேக்கைப் புதிதாக நட்டு வளர்க்க வேண்டிய நிலை வந்தது. ஹார்ட்டில்பூலில் கப்பலைக் காணச் செல்வோர் வாடியாவின் பெயரை அறிகின்றனர், அது நன்றே. ஆனால் மரத்தை வெட்டியவன், யானையோடு நின்று இழுத்தவன், சாய்வு முனையை மயிரிழை பிசகாமல் இழைத்தவன் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பலகையில் இருக்கின்றன?

திருகோணமலை மரம்

நம் மாவட்டத்துக் காடும் சும்மா இருக்கவில்லை. முதிரை, பாலை, கருங்காலி ஆகியவற்றோடு சவண்டலை என்னும் மரமும் இங்கே செழித்தது. சிங்களத்தில் அதற்கு ஹல்மில்ல என்று பெயர். இம்மரம் இத்துறைமுகத்தின் வழியாகவே ஏற்றுமதியாயிற்று. ஆகவே வணிகர் அதனைத் 'திருகோணமலை மரம்' என்றே வழங்கினர். பீப்பாய்க்கும் வண்டிக்கும் படகுக்கும் அது உகந்தது. சென்னையின் அலைகளை எதிர்த்த மசூலாப் படகுகளும் இம்மரத்தாற் செய்யப்பட்டன என்பதை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் நூலில் குறிப்பிடுகிறார்.

அந்த மசூலாப் படகு நமக்கு வேறொரு பாடம் சொல்கிறது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில், ஆளையும் சரக்கையும் அலைகளூடே கரைசேர்த்தது அப்படகே. அதில் இரும்பாணி இல்லை, விலாச் சட்டமும் இல்லை. பலகையைப் பலகையோடு தென்னந் தும்புக் கயிற்றால் தைத்திருந்தனர். அலை அறைந்தபோது படகு நெளிந்து கொடுத்தது. ஐரோப்பியரின் விறைப்பான படகு உடைந்த இடத்தில் இது பிழைத்தது. நம் மீனவரின் கட்டுமரமோ, பெயரிலேயே கட்டு என்ற சொல்லைத் தாங்கிய கூட்டு மரம். பகலெல்லாம் கடலில் உழைத்துவிட்டு, கரையில் கட்டவிழ்த்து உலர்த்தப்படும். அந்தச் சொல்லையே உலகம் நம்மிடமிருந்து கடன்பெற்றது. ஆகவே, ஒன்றுபடல் என்பது எங்கும் ஒரே வகையானதன்று. சுமை தாங்கும் தூலத்துக்கு வழுக்காத ஆப்பு வேண்டும். அலை தாங்கும் படகுக்கு நெகிழும் தையல் வேண்டும். எந்த விசையை எதிர்கொள்கிறோம் என்பதை அறிந்தவனே எந்தப் பிணைப்பு வேண்டும் என்பதையும் அறிவான்.

மரத்தின் காலம் போய் இரும்பின் காலம் வந்தபோதும் அந்த விதி மாறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் கட்டப்பட்ட பெரிய மிதக்குந் துறை ஒன்று திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டது. 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், 'வேலியண்ட்' என்னும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த நிலையில் அதன் முதுகு முறிந்தது. துறை மூழ்கிற்று, கப்பலும் பழுதுற்றது. எதிரியின் குண்டு எதுவும் அதைத் தொடவில்லை. சுமையும் தாங்கலும் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது எந்த உடலும் முறியும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1957இல் ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர்.

நமக்கு உரிய கல்வி

இன்று இக்கதையால் பயன் என்ன என்று கேட்கலாம். போரும் 2004இன் ஆழிப்பேரலையும் சிதைத்த இக்கரையோரத்தில் மக்கள் மீண்டும் மீண்டும் வீடு கட்டியிருக்கின்றனர். பெருமரம் அரிதாகிவிட்டது, அதை வெட்டுவதும் தகாது. சிறு மரங்களைச் சேர்த்துப் பெருந்தூலம் ஆக்கும் அறிவு, காட்டையும் காக்கும், ஏழையின் கைப்பொருளையும் காக்கும். 1906இல் ஜெர்மானியத் தச்சர் ஹெட்சர் பலகைகளைப் பசையால் ஒட்டி வளைந்த தூலம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உலகின் பல நாடுகளில் இன்று பெருமண்டபங்களே அவ்வாறு எழுகின்றன. நம் தச்சரின் கைகள் அதற்குக் குறைந்தவை அல்ல. ஆனால் ஆப்பை முனையருகே ஏன் நெருக்கி வைக்க வேண்டும் என்ற காரணத்தை அவருக்குத் தமிழில் சொல்லும் நூல்கள் எத்தனை? கணக்கு ஒரு வகுப்பாரிடமும் உளி மற்றொரு வகுப்பாரிடமும் பிரிந்து கிடக்கும்வரை, இரண்டும் பிணைப்பின்றி அடுக்கிய மரங்களே. பாதி வலிமையும் கால் உறுதியுமே நமக்குக் கிட்டும்.

இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரு குடாவின் கரையில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அடுத்தடுத்து வாழ்வதை ஒற்றுமை என்று மேடைகளிற் சொல்லக் கேட்கிறோம். மேலிருந்து இறுக்கிப் பிடிப்பதையும் ஒற்றுமை என்று சிலர் சொல்கின்றனர். அடுக்கினால் மட்டும் மரம் ஒன்றாவதில்லை. இறுக்கினால் மட்டும் ஒன்றாவதில்லை. இரு மரங்களும் தம்மிற் சரிபாதி இடம் கொடுத்து ஏற்றுக்கொண்ட ஆப்பே அவற்றை ஒன்றாக்குகிறது. அந்த ஆப்பு, நாம் அறிந்தவரையில், ஒன்றாகச் செய்யும் உழைப்பும் அதன் பயனில் அனைவர்க்கும் உள்ள சம உரிமையுமே. அத்தகைய உழைப்புக்குரிய பட்டறைகளும் பள்ளிகளும் கொட்டியாரக் குடாவின் இரு கரைகளிலும் எழ வேண்டும். அவற்றிற் பயிலும் இளைஞர் இழைக்கும் தூலத்தில், அதை இழைத்தவரின் பெயரும் பொறிக்கப்பட வேண்டும்.